தேடுசொல்லும் தேடுவோர் உள்ளமும்

(ஈரோட்டில் மஞ்சள் வணிகர் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இணையத்தில் வியாபாரம் செய்ய விரும்புகிறவர் எந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு அங்கே நுழைய வேண்டும் என்பதைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். விளம்பரத் தொழிலில் இருக்கும் பிள்ளைகள் இதைக் ‘கீவேர்ட்’ என்பார்கள்; நான் தேடுசொல் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். கூகுள் முதலிய தேடுபொறிகளில் ஒருவர் தமக்கு வேண்டியதைத் தட்டச்சுச் செய்கிறாரே, அந்தச் சொல்லோ சொற்றொடரோதான் விஷயம். அதைத் தேடுகிறவர் கண்ணுக்கு நம் கடை தென்பட வேண்டும். அதற்காகச் சிலர் தம் இணையப் பக்கத்தை அச்சொல்லுக்கு ஏற்றபடி எழுதுகிறார்கள், சிலர் பணம் கட்டி விளம்பரம் போடுகிறார்கள், பலர் இரண்டையும் செய்கிறார்கள்.

இந்தத் தேர்வைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் ஆலோசனை ஒன்று உண்டு. எந்தச் சொல்லை மாதந்தோறும் மிகுதியான ஜனங்கள் தேடுகிறார்களோ, எந்தச் சொல்லுக்குப் போட்டி குறைவாக இருக்கிறதோ, அதையே எடுத்துக்கொள் என்பது அந்த ஆலோசனை. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை அப்படியே நம்பிப் பணம் போட்ட வியாபாரிகள், பக்கத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்துபோனதாகக் கணக்கு இருந்தும், பில் புத்தகத்தில் நான்கு வரிகூட ஏறாததைக் கண்டு, இணையமே பொய் என்று சலித்துக்கொள்கிறார்கள். இணையம் பொய்யன்று. எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை எண்ணினார்களே தவிர, எதற்காகக் கேட்டார்கள் என்பதை அவர்கள் விசாரிக்கவில்லை. தேடுசொல்லைத் தேர்ந்தெடுப்பதென்பது சொல்லைத் தேர்ந்தெடுப்பதல்ல, நாம் விடை சொல்லத்தக்க ஒரு நோக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே என் அபிப்பிராயம். இன்றைய பேச்சு முழுவதும் அதைச் சுற்றியே இருக்கும்.

இந்த எண்ணம் அமெரிக்காவில் பிறந்ததென்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிவரும் நன்னூலில், சொல்லதிகாரத்துப் பொதுவியலில், பவணந்தி முனிவர் வினாக்களை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறார். பவணந்தியாரின் ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடுவது உங்களுக்குத் தெரியும். ஆகையால் இந்த மேடையில் அவரை அழைப்பதற்குத் தனியாக முகாந்திரம் வேண்டியதில்லை. அவர் சொன்ன ஆறு: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. ஆசிரியர் தமக்கு விடை தெரிந்திருந்தும் மாணாக்கனைச் சோதிக்கக் கேட்பது முதலாவது. தெரியாதவன் தெரிந்துகொள்ளக் கேட்பது இரண்டாவது. இதுவோ அதுவோ என்று மயங்குகிறவன் தெளிவு வேண்டிக் கேட்பது மூன்றாவது. கடைக்காரரிடம் பருப்பு இருக்கிறதா என்று வாங்கிக்கொள்ளும் உத்தேசத்துடன் கேட்பது நான்காவது. உனக்கு உடுத்தத் துணி இல்லையா என்று, கொடுக்கும் எண்ணத்தோடு கேட்பது ஐந்தாவது. சாப்பிட்டாயா என்று கேட்டு உண்ணச் செய்வதுபோல, கேள்வியின் வடிவத்தில் ஒரு காரியத்தை ஏவுவது ஆறாவது.

இந்தப் பாகுபாட்டில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம், ‘யார், எது, ஏன், எங்கே’ என்னும் வினாச் சொற்களைக் கொண்டு அவர் இதைச் செய்யவில்லை என்பது. வாக்கியம் ஒன்றாகவே இருக்கலாம். “மஞ்சள் இருக்கிறதா?” என்பதை வாங்க வந்தவரும் கேட்கலாம், சரக்கை இறக்க இடம் தேடுகிறவரும் கேட்கலாம், சரக்கு இருப்பைச் சோதிக்க வந்த முதலாளியும் கேட்கலாம். சொல் ஒன்று, உள்ளம் மூன்று. இலக்கண ஆசிரியர் உள்ளத்தைப் பிடித்துப் பெயரிட்டார். பிறகு அதே இடத்தில் விடைகளையும் எட்டாக வகுத்தார். கேட்டதற்கு நேரே உடன்பட்டுச் சொல்வது, மறுத்துச் சொல்வது, சுட்டிக் காட்டுவது, ஒன்றைக் கேட்க அதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது என்று அது விரிகிறது. வினாவின் நோக்கத்தை உணராதவன் இந்த எட்டில் எதைச் சொல்வதென்று தெரியாமல் விழிப்பான் என்பது அந்த வைப்புமுறையிலிருந்தே விளங்கவில்லையா?

இனி மேல்நாட்டுக்கு வருவோம். கூகுள் தலையெடுப்பதற்குமுன் கீர்த்தி பெற்றிருந்த ஆல்டாவிஸ்டா என்னும் தேடுபொறியில் பணியாற்றிய ஆந்திரே பிரோடர் என்ற விஞ்ஞானி, 2002 ஆம் ஆண்டில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். தகவல் தேடல் துறையில் அதுவரை நிலவிய கொள்கை, தேடுகிறவன் எப்போதும் ஒரு தகவலையே தேடுகிறான் என்பது. பிரோடர் ஆல்டாவிஸ்டாவுக்கு வந்தவர்களையே கேட்டும், தேடல் பதிவுகளிலிருந்து 400 தேடல்களை எடுத்து ஆராய்ந்தும், அந்தக் கொள்கை பாதிதான் உண்மை என்று காட்டினார். சிலர் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் ஓர் இடத்துக்குப் போகவே தேடுகிறார்கள். வங்கியின் பெயரைத் தட்டச்சுச் செய்கிறவருக்கு வங்கியைப் பற்றிய கட்டுரை வேண்டாம், வங்கியின் வாசல்தான் வேண்டும். சிலர் அறிந்துகொள்ளத் தேடுகிறார்கள். மற்றும் சிலர் வாங்கவோ, பதிவு செய்யவோ, இறக்கிக்கொள்ளவோ, ஏதேனும் ஒரு காரியம் முடிக்கத் தேடுகிறார்கள். பதிவுகளில் அவர் கண்ட பங்கு சுமாராக இடம் நாடுவோர் 20 சதவீதம், அறிய நாடுவோர் 48 சதவீதம், காரியம் நாடுவோர் 30 சதவீதம்.

2008 இல் ஜான்சன், பூத், ஸ்பிங்க் என்னும் மூவர், பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட தேடல்களைக் கணினியைக் கொண்டே பிரித்துப் பார்த்து, அறிய நாடுவோர் 80 சதவீதத்துக்கும் அதிகம், மற்ற இருவகையும் சுமார் பத்துப் பத்து என்றார்கள். இரண்டு கணக்குக்கும் இவ்வளவு தூரமா என்று திகைக்க வேண்டாம். தேடுபொறி வேறு, முறை வேறு. அன்றியும் அம்மூவரே தங்கள் கணினி செய்த பிரிவினையை மனிதர் செய்ததோடு ஒப்பிட்டு, 74 சதவீதம்தான் ஒத்துவந்தது, எஞ்சிய தேடல்களின் நோக்கம் தெளிவற்றது அல்லது ஒன்றுக்கு மேற்பட்டது என்று நேர்மையாக எழுதிவைத்தார்கள். இந்த ஒப்புதல்தான் எனக்கு அந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த பகுதி. நான்கில் ஒரு கேள்வியின் நோக்கத்தை நிபுணர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியாதென்றால், ‘உங்கள் வாடிக்கையாளரின் மனத்தை எங்கள் கருவி நூற்றுக்கு நூறு கண்டுவிடும்’ என்று உங்களிடம் வந்து சொல்லும் விற்பனைப் பிரதிநிதிக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

விளம்பரத் தொழிலில் பிற்காலத்தார் இந்த மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்கள். வாங்குவதென்று பெரும்பாலும் தீர்மானித்தவர், எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது என்று ஒப்பிட்டுக்கொண்டு நிற்கும் நிலை அது. நம் பவணந்தியாரிடம் கேட்டால் ஐய வினா என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். வியாபாரிக்கு மிகுந்த பிரயோஜனம் தருவதும் அதிகமாக அலட்சியம் செய்யப்படுவதும் இந்த வினாதான். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நோக்கத்தை அறியாமற்போனால் ஏன் நஷ்டம் வருகிறது என்பதற்கு, விளம்பரம் விற்கப்படும் முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும். 1998 இல் பில் கிராஸ் என்பவர் கலிபோர்னியாவில் தொடங்கிய ‘கோடூ’ என்னும் தேடுபொறி, தேடுசொற்களை ஏலத்தில் விட்டது. ஒரு சொடுக்குக்கு யார் அதிகம் தருகிறாரோ அவர் மேலே நிற்பார். 2000 ஆம் ஆண்டு அக்டோபரில் கூகுள் தன் விளம்பரத் திட்டத்தை ஆரம்பித்து, 2002 இல் அதையும் ஏலமாக்கியது. ஆனால் தொகையை மட்டும் பார்க்காமல், அந்த விளம்பரத்தை ஜனங்கள் எந்த விகிதத்தில் சொடுக்குகிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு இடம் கொடுத்தது. ஆகவே, கேட்பவர் கருத்துக்குப் பொருந்திய விளம்பரம் குறைந்த தொகையிலும் மேலே ஏறும். பொருந்தாதது அதிகத் தொகை கொடுத்தும் கீழே கிடக்கும். ஏலத்தைப் பற்றி ஈரோட்டாருக்கு நான் விளக்க வேண்டுமா? ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நீங்கள் மஞ்சள் மாதிரியைக் கையில் எடுத்து, விரலியா கிழங்கா, காய்ச்சல் எப்படி, நிறம் எப்படி என்று முறித்துப் பார்த்த பிறகுதான் குவிண்டாலுக்கு விலை எழுதுகிறீர்கள். அதே நீங்கள் இணையத்துக்குப் போனால் மாதிரியே பார்க்காமல் மூட்டைக்கு விலை எழுதுகிறீர்கள். தேடுவோரின் நோக்கத்தைப் பார்ப்பதுதான் அங்கே மாதிரி பார்ப்பது.

வாருங்கள், உங்கள் சரக்கின் பெயரையே எடுத்துக்கொண்டு மாதிரி பார்ப்போம். மசாலாப் பொடி தயாரித்து வீடுகளுக்கு அனுப்பும் ஒருவர், ‘மஞ்சள்’ என்ற சொல்லுக்குப் பணம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைத் தேடி வருகிறவர்கள் யார் யார்? நிறத்தின் பெயரை எழுதப் படிக்கும் குழந்தைக்குப் படம் தேடும் தாய் ஒருத்தி. முகத்துக்குப் பூசக் கஸ்தூரி மஞ்சள் தேடும் பெண் ஒருத்தி. அது சமையலுக்கு ஆகும் மஞ்சளே அல்ல, வேறு இனம். தை பிறக்கும் வாரத்தில் பானையில் கட்ட மஞ்சள் கொத்து எங்கே கிடைக்கும் என்று பார்க்கும் நகரவாசி. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டிய பள்ளி மாணவன். வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துப்போய், காமாலையோ என்ற பீதியில் நடுநிசியில் கைப்பேசியைத் திறந்திருக்கும் மகன். இத்தனை பேருடைய தேடலும் ஒரே எழுத்துகளில் தொடங்குகிறது. பொடி வியாபாரியின் பணம் இத்தனை பேர் மீதும் சிந்துகிறது.

சரி, அப்படியானால் ‘மஞ்சள் விலை’ என்று குறுக்கிக்கொள்ளலாமே, விலை கேட்பவன் வாங்குபவன்தானே என்று ஓர் இளைஞர் நினைக்கலாம். இங்கேதான் பெரிய பொறி இருக்கிறது. ‘இன்றைய ஈரோடு மஞ்சள் விலை’ என்று காலை தோறும் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் வாங்க வந்தவர்கள் அல்ல என்பதை இந்த ஊரில் பிறந்தவர் எவரும் ஊகித்துவிடலாம். அந்தியூரிலும் கோபியிலும் களத்தில் மூட்டை போட்டு வைத்துக்கொண்டு, இன்று வண்டி ஏற்றலாமா, நாலு நாள் பொறுக்கலாமா என்று யோசிக்கும் விவசாயிகளும், இருப்பு வைத்திருக்கும் வியாபாரிகளுமே அவர்கள். அவர்கள் விற்பவர்கள். பாக்கெட் மஞ்சள் தூள் அவர்களுக்கு எதற்கு? ஆனால் அதே சொல், விவசாயிகளிடம் நேரடியாகக் கொள்முதல் செய்யும் மண்டிக்காரருக்குப் பொன்னான சொல். தினமும் கூடத்தில் நடந்த விலையை விரலிக்கும் கிழங்குக்கும் தனித்தனியே, கூட்டாமல் குறைக்காமல் தம் பக்கத்தில் போட்டுவரும் மண்டிக்காரரிடம், சரக்கு கொண்டுவர வேண்டிய நாளில் விவசாயி தாமாகவே பேசுவார். ஒரு தேடுசொல் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குத் தனியாக விடை கிடையாது. யாருடைய கடைக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் உண்டு.

பொடி வியாபாரியின் சொற்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ‘மஞ்சள் தூள் ஒரு கிலோ’ என்பது கொளல் வினா. அளவு வந்துவிட்டால் வாங்கும் உத்தேசம் வந்துவிட்டது என்று பொருள். தேடுவோர் தொகை சிறிதுதான், ஆனால் வருகிறவர் பையோடு வருகிறார். ‘கலப்பட மஞ்சள் தூளைக் கண்டுபிடிப்பது எப்படி’ என்பது ஐய வினா. மெட்டானில் மஞ்சள் என்னும் சாயமும் லெட் குரோமேட் என்னும் ஈய உப்பும் மஞ்சள் தூளில் கலக்கப்படுவதுண்டு என்று படித்துப் பயந்த குடும்பத் தலைவி கேட்கும் கேள்வி அது. இதற்கு நம் வியாபாரிகள் பொதுவாக என்ன செய்கிறார்கள்? ‘எங்கள் மஞ்சளே சுத்தமானது, உடனே வாங்குங்கள்’ என்று ஒரு பொத்தானை நீட்டுகிறார்கள். அவள் கேட்டது அதுவா? ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் கொஞ்சம் தூளைப் போட்டால், சுத்தமான மஞ்சள் அடியில் படிந்து தண்ணீர் இலேசான மஞ்சளாக இருக்கும், சாயம் கலந்ததானால் தண்ணீர் அழுத்தமான மஞ்சளாக மாறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எளிய பரிசோதனை ஒன்றைச் சொல்லியிருக்கிறது. அதை எழுதிப் படம் போட்டு, ‘எங்கள் தூளையும் இப்படியே சோதித்துப் பாருங்கள்’ என்று முடித்தால், அந்த அம்மாள் இன்று வாங்காவிட்டாலும் பொங்கலுக்குள் வாங்குவாள். ஐயத்தைத் தீர்த்தவரிடம் பணத்தைக் கொடுப்பது மனித சுபாவம்.

வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்பவருக்கு இவை ஒன்றுமே உதவா. அங்கிருந்து கேட்பவர் மஞ்சளிலுள்ள குர்குமின் எத்தனை சதவீதம், குறைந்தபட்சம் எத்தனை டன், ஆய்வுக்கூடச் சான்று உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்பார். 2019 இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் உண்டாகியிருக்கிறது.

காமாலைக்குப் பயந்து தேடும் அந்த மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவர் தேடலிலும் ‘மஞ்சள்’ என்ற சொல் இருக்கிறது. அவரைப் போன்றவர்கள் ஏராளம். அவர்களிடம் ஏதேனும் ஒரு சூரணத்தை நீட்டிவிட ஆசைப்படுவோரும் இருக்கிறார்கள். நோக்கத்தை அறிவது என்பது அதைச் சுரண்டுவதற்கு உரிமைச் சீட்டு அல்ல. குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாகச் செய்யும் விளம்பரங்களைத் தடுக்க 1954 ஆம் ஆண்டிலேயே மத்திய சட்டம் ஒன்று வந்திருக்கிறது. சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வைத்தியரிடம் போக வேண்டியவரை வழிமறித்து நிற்பது வியாபாரம் ஆகாது. இத்தகைய தேடல்களில் நம் விளம்பரம் தோன்றாதபடி விலக்கிவைக்க ‘நெகட்டிவ் கீவேர்ட்’ என்ற ஏற்பாடு கூகுள் விளம்பரத்தில் இருக்கிறது. ‘காமாலை’, ‘நிறம்’, ‘பை’, ‘படம்’ என்று விலக்குச் சொற்களைக் கொடுத்துவிட்டால் பணமும் மிஞ்சும், பழியும் வராது. தேர்ந்தெடுக்கும் சொற்களின் பட்டியலைக் காட்டிலும் விலக்கும் சொற்களின் பட்டியலைக் கவனமாக எழுதுகிறவரே இந்தத் தொழிலில் தேர்ந்தவர் என்பேன்.

தமிழில் தேடுவோரின் நோக்கத்தை அறிய நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. 2019 அக்டோபரில் கூகுள், ‘பெர்ட்’ என்னும் புதிய மொழியறி முறையைத் தன் தேடலில் புகுத்தியபோது, ஓர் உதாரணம் காட்டியது. பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவருக்கு விசா வேண்டுமா என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்கிறார். முந்தைய முறை, சொற்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு திசையைத் தவறவிட்டு, அமெரிக்கர் பிரேசிலுக்குப் போவதைப் பற்றிய பக்கத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. புதிய முறை, நடுவிலிருந்த மிகச் சிறிய இடைச்சொல்லுக்கு மதிப்புக் கொடுத்துச் சரியாகப் பிடித்தது. நமக்கோ அந்தச் சங்கடம் குறைவு; ‘ஈரோட்டுக்கு’ என்பதற்கும் ‘ஈரோட்டிலிருந்து’ என்பதற்கும் உள்ள வேற்றுமையைத் தமிழன் சொல்லின் வாலிலேயே ஒட்டிவைத்திருக்கிறான். ‘மஞ்சள் வாங்க’, ‘மஞ்சள் விற்க’, ‘மஞ்சள் அரைக்க’, ‘மஞ்சள் பயிரிடுவது எப்படி’ என்று வால் மாறும்போது ஆளே மாறிவிடுகிறார். ஆகையால் தமிழில் சொல் தேர்ந்தெடுப்பவர் தலைச்சொல்லைவிட வால்சொல்லையே உற்றுநோக்க வேண்டும். இதில் ஒரு சங்கடம், நம்மவரில் பலர் தமிழைத் தமிழ் எழுத்தில் தேடுவதில்லை. ‘மஞ்சள் ரேட்’ என்று பாதி ஆங்கிலம் கலந்து, அதையும் ரோமன் எழுத்தில் தட்டிவிடுகிறார்கள், அல்லது பேசியே தேடுகிறார்கள். அந்த உருவங்களையும் பட்டியலில் சேர்க்கத்தான் வேண்டும். செந்தமிழ்ப் பற்றுக்கு வேறு இடம் இருக்கிறது.

நோக்கத்தைக் கண்டுகொள்வதற்குக் கருவி எது என்று கேட்பீர்கள். செலவில்லாத கருவி ஒன்றைச் சொல்கிறேன். சொல்லைத் தேடுபொறியில் நீங்களே தட்டிப் பாருங்கள். முதற்பக்கத்தில் கடைகள் வரிசையாக வந்தால், கேட்டவர்களில் பெரும்பாலோர் வாங்கவே கேட்டிருக்கிறார்கள். வீடியோக்கள் வந்தால் செய்முறை கேட்டிருக்கிறார்கள். வரைபடம் வந்தால் பக்கத்தில் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். இலட்சக்கணக்கானோர் எதைச் சொடுக்கி எதைத் தள்ளினார்கள் என்பதையும் சேர்த்துக் கொண்டு தேடுபொறி செய்திருக்கும் ஊகம் அந்தப் பக்கம். தேடல் முடிவுகளை மதிப்பிடுவோருக்காகக் கூகுள் எழுதி, 2015 இல் முழுமையாக வெளியிட்ட வழிகாட்டி நூலிலும், ஒரு சொல்லுக்குப் பெரும்பான்மைப் பொருள், பரவலான பொருள், சிறுபான்மைப் பொருள் என்று பகுத்தே பார்க்கச் சொல்லியிருக்கிறது. செய்முறை கேட்பவர் கூட்டத்தில் கடையை நுழைக்க முயல்வது வீண். முதற்பக்கத்தில் விடையே முழுதாக வந்து நின்றுவிடும் சொற்களும் உண்டு. ஒரு வரியில் முடிந்துவிடும் கேள்விக்குத் தேடுபொறியே பதில் சொல்லிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டதால், அந்தக் கேள்வி கேட்பவர் உங்கள் பக்கம்வரை வரவேமாட்டார்.

எண்களைத் தரும் கருவிகளில் இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்லி மேலே போகிறேன். கூகுளின் கீவேர்ட் பிளானரில் ‘போட்டி’ என்று காட்டப்படுவது விளம்பரதாரர்களுக்கிடையே உள்ள போட்டி. பணம் கட்டாமல் மேலே வருவது எளிதா கடினமா என்பதை அது சொல்லாது. மாத சராசரியை மட்டும் பார்ப்பவர், தை மாதத்தில் கொழுந்துவிட்டு மற்ற மாதங்களில் அணைந்துகிடக்கும் சொல்லை, வருஷமெல்லாம் மிதமாக எரிவதாக எண்ணி ஏமாறுவார்.

எண்ணிக்கையை நம்பி மோசம் போனதற்குப் பெரிய உதாரணமும் இருக்கிறது. காய்ச்சலைப் பற்றிய தேடல்களை எண்ணியே அமெரிக்காவில் இன்புளுயன்சா பரவுவதைக் கணிக்கலாம் என்று 2008 இல் கூகுள் ஒரு திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் அனைவரும் வியந்தனர். 2012-13 குளிர்காலத்தில் அந்தக் கணிப்பு, அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு மையம் திரட்டிய கணக்கைப்போல் இரு மடங்கு காட்டிவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் காய்ச்சல் செய்தி பத்திரிகைகளில் பெரிதாக அடிபட்டது. காய்ச்சல் வந்தவர் மட்டுமன்றி, வந்துவிடுமோ என்று அஞ்சியவரும் தேடியிருப்பார்கள் என்பது ஆராய்ந்தவர்கள் கூறிய காரணங்களில் ஒன்று. அறியா வினாவையும் ஐய வினாவையும் ஒன்றாகக் கூட்டிவிட்டார்கள் என்று பவணந்தியார் சொல்லியிருப்பார். 2015 இல் கூகுள் அந்தக் கணிப்பை வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது.

கடைசியாக, பணம் போடும் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஒரு பரிசோதனையைச் சொல்ல வேண்டும். ஈபே என்னும் இணையச் சந்தை, தன் பெயரையே யாரேனும் தேடினால் தன் விளம்பரம் மேலே தெரியவேண்டும் என்று தேடுபொறிகளுக்குப் பெருந்தொகை கொடுத்துவந்தது. அங்கே பணியாற்றிய பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் பிளேக், நாஸ்கோ, தடேலிஸ் ஆகியோர் இதைச் சந்தேகித்தார்கள். ஈபே என்று தட்டுகிறவன் ஈபேக்குத்தானே போக வந்திருக்கிறான், வாசலுக்கு வந்துவிட்டவனை அழைத்துவர ஆளுக்குக் கூலி எதற்கு என்பது அவர்கள் கேள்வி. 2012 இல் யாஹூவிலும் மைக்ரோசாப்ட்டின் தேடுபொறியிலும் அந்த விளம்பரத்தை நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரத்தின் வழியாக வந்துகொண்டிருந்த சொடுக்குகளில் 99.5 சதவீதம், காசு வாங்காத சாதாரண இணைப்பின் வழியாகவே வந்து சேர்ந்துவிட்டது. பிறகு பெயரல்லாத மற்றத் தேடுசொற்களுக்கான விளம்பரத்தையும் அமெரிக்காவின் சில பிரதேசங்களில் மட்டும் நிறுத்திச் சோதித்தார்கள். அடிக்கடி வாங்கும் பழைய வாடிக்கையாளர், விளம்பரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாங்கினார்; செலவில் பெரும்பகுதி அவர்மீதே போய்க்கொண்டிருந்தது. புதியவரையும் எப்போதோ ஒருமுறை வாங்குபவரையுமே விளம்பரம் அசைத்தது. இந்த ஆராய்ச்சி 2015 இல் ‘எக்கனாமெட்ரிகா’ என்னும் பொருளாதார சஞ்சிகையில் வெளியாயிற்று.

இதை அப்படியே நமக்கு ஒட்டவைக்கக் கூடாது. ஈபே உலகறிந்த பெயர். அதன் பெயரைத் தேடினால் அதன் பக்கமே முதலில் வரும். நம்மில் ஒருவர் கடைப் பெயரைத் தேடினால் அதே பெயருள்ள வேறு நாலு கடைகள் வரலாம். போட்டியாளர் ஒருவர் நம் பெயருக்கே விளம்பரம் போட்டிருக்கலாம். அப்படி நேர்ந்தால் நம் பெயருக்கு நாம் பணம் கட்டுவதில் நியாயம் உண்டு. இல்லையென்றால் இல்லை. ஆனால் விளம்பர நிறுவனங்கள் மாதக் கடைசியில் கொடுக்கும் அறிக்கைகளில் மிக அழகாக மின்னுவது எப்போதும் இந்தப் பெயர்ச் சொல்லின் வரிதான் என்பதை மறந்துவிடாதீர்கள். ஏற்கெனவே வரவிருந்தவர்களை எல்லாம் தாங்கள் அழைத்துவந்ததாகக் கணக்குக் காட்ட அதைவிட வசதியான இடம் இல்லை.

ஆகவே உங்களிடம் இரண்டு காரியங்களை வேண்டிக்கொள்கிறேன். உங்கள் விளம்பரக் கணக்கை நடத்துபவரிடம், கடைப் பெயருக்குச் செலவான தொகையையும் மற்றச் சொற்களுக்குச் செலவான தொகையையும் தனித்தனியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எதிராளி யாரும் உங்கள் பெயரில் விளம்பரம் போடவில்லை என்று தெரிந்தால், பெயருக்கான விளம்பரத்தை ஒரு மாதம் நிறுத்தி விற்பனையைப் பாருங்கள். இரண்டாவது, மண்டியில் தொலைபேசி எடுக்கும் குமாஸ்தாவிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, அழைக்கிறவர் முதலில் கேட்கும் கேள்வியை, அவர் வாயில் வந்த வார்த்தைகளிலேயே, திருத்தாமல் எழுதிவைக்கச் சொல்லுங்கள். விற்க வந்தவரா, வாங்க வந்தவரா, சந்தேகம் கேட்க வந்தவரா என்று பக்கத்தில் ஒரு குறி போடச் சொல்லுங்கள். உங்கள் கடைக்கு வேண்டிய தேடுசொற்கள் அந்த நோட்டில் இருக்கும்.